ஆறு கம்பியும் செந்தூல் ஈரமும்

எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடியில் ஒரு தம்பி இருக்கிறான். உருமி மேளக் குழுவில் வாசிப்பவன். தைப்பூசம் நெருங்கினால் அவனுக்குத் தூக்கமில்லை. அவன் புண்ணியத்தில் எங்களுக்கும் இல்லை. ஒரு மழை மாலை லிஃப்டுக்குக் காத்து நின்றபோது, தோளில் தொங்கிய உருமியைத் தட்டிக் காட்டினான். சத்தம் செத்துக் கிடந்தது.

"தோல் எறங்கிப் போச்சுண்ணே. மழ பேஞ்சா இதே ரோதனதான்."

என் முதுகில் கிட்டார் பை. இதற்குள்ளும் அதே கதைதான் என்றேன். அவன் நம்பவில்லை. "அது கரண்டுல ஓடுறதுதானே?"

எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிப் பெரும்பாலோர் நினைப்பு இதுதான். உண்மையில் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாருக்குள் வெளிக் கரண்டு எதுவும் போவதில்லை. பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மயிரிழைச் செம்புக் கம்பியும். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் கீழே செம்பில் துளி மின்சாரம் பிறக்கும். அதைப் பெரிதாக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. மற்றதெல்லாம் மரம், இரும்பு, பசை, திருகு. கோலாலம்பூர் காற்று இவை ஒவ்வொன்றையும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது.

நான் பெரிய வாசிப்பாளன் இல்லை. ராஜா பாட்டு இரண்டு மூன்றின் இடையிசையை, யாரும் பார்க்காதபோது, தப்பில்லாமல் வாசிப்பேன். ஆனால் பதினோரு வருடமாகக் கிட்டார்களை வாங்கியும், கழற்றியும், கெடுத்தும், திருத்தியும் வருகிறேன். அதில் எனக்கு ஒரு மனக்குறை. கிட்டார் பராமரிப்பு பற்றிக் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி பனிக்காலம் உள்ள ஊர்க்காரர்கள் எழுதியது. காற்று காய்ந்துவிடும், மரம் சுருங்கும், பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வையுங்கள் என்று பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். கோலாலம்பூரின் செந்தூலில் உட்கார்ந்து கிட்டாருக்கு ஈரப் பஞ்சு வைப்பது, கடலில் நிற்பவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுப்பது போல.

முதல் கிட்டாரை 2014இல் வாங்கினேன். இணையத்தில் பழையது விற்கும் பக்கம் ஒன்றில் படம் பார்த்தேன். கீழே வழக்கமான வாசகங்கள்: டிப் டாப், நெகோ சிகிட் (கொஞ்சம் பேரம் பேசலாம்), சிஓடி செந்தூல். நம் ஊரில் சிஓடி என்றால் தபால்காரர் வருவதில்லை, ஏதாவது எல்.ஆர்.டி ரயில் நிலையத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ இரண்டு பேர் நேரில் சந்தித்துப் பொருளையும் பணத்தையும் மாற்றிக்கொள்வது. ஒரு மலாய் இளைஞர் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருந்தார். கையில் சிவப்பு ஸ்க்வயர் ஸ்ட்ராட். 600 ரிங்கிட் என்றார், 550 வெள்ளிக்குப் படிந்தது. நான் பார்த்தது நிறத்தை மட்டும்தான். தக்காளிச் சிவப்பு. அவர் ஏதோ சொல்ல வந்தார், நான் அதற்குள் பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்க்வயர் என்பது ஃபெண்டர் நிறுவனமே மலிவு விலைக்கு விற்கும் பெயர். என்னுடையது இந்தோனேசியாவில் செய்தது. அதன் மூலவடிவமான ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954இல் கலிஃபோர்னியாவில் வந்தது. அதைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்ப்பவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இந்தத் தகவலைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அந்தக் கருவி எனக்குப் புரிந்தது. நாலு திருகைக் கழற்றினால் கழுத்து தனியே கையில் வந்துவிடும். முன்பக்கத் தகட்டைத் தூக்கினால் எல்லா ஒயரும் கண்ணெதிரே. திரும்பக் கழற்ற வேண்டிவரும் என்று தெரிந்தவன் செய்த பொருள் அது. வாசிப்பவன் செய்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டான் என்பது என் எண்ணம்.

வீட்டுக்குக் கொண்டுவந்து வாசித்தால் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) ஒன்பது வரை ஒரே இரைச்சல். கம்பி அடுத்த ஃப்ரெட்டில் உரசி, தகர டப்பாவில் ஈ மாட்டியது போல. ஒரு கடையில் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். 80 வெள்ளி வாங்கிக்கொண்டு, கம்பி உட்காரும் மேல்முனை நட்டின் பள்ளத்தை அரத்தால் ராவிவிட்டார்கள். பழைய இரைச்சல் அப்படியே இருந்தது. கூடவே, விரலே வைக்காமல் வாசிக்கும் கம்பியும் இப்போது இரைந்தது. பள்ளத்தை ஆழமாக்குவது ஒரு நிமிட வேலை; ஆழம் போனதைத் திரும்ப ஏற்றுவது சுலபமில்லை, பெரும்பாலும் நட்டையே மாற்ற வேண்டும். அன்றைக்கு எடுத்த முடிவு: இனி கெடுப்பதாக இருந்தாலும் நானே கெடுத்துக்கொள்கிறேன்.

பிரச்சினை நட்டில் இல்லை, கழுத்தில் இருந்தது. சாதாரணமாக எல்லோரும் போடும் 9-42 கம்பி ஆறும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 38 கிலோ. பத்துக் கிலோ அரிசி மூட்டை நாலைக் கொஞ்சம் குறைத்துக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, இரவும் பகலும். அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் ஒரு எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்று பெயர். 1920களில் கிப்சன் நிறுவனத்தில் வந்த கண்டுபிடிப்பு. அதன் முனையில் அலன் கீ என்ற அறுகோணச் சாவியை விட்டு வலப்புறம் முறுக்கினால் கழுத்து பின்னுக்குப் போகும். தளர்த்தினால் கம்பியின் இழுப்புக்கு முன்னால் வளையும். கழுத்து வடிவேலனின் வேல் போல நேராக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்கக் கூடாது. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம் விட்டு மயிரளவு முன்வளைவு வேண்டும்.

அந்த மயிரளவை அளப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தடித்த கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாம் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருந்தால் நல்லது. மோட்டார் சைக்கிள் பட்டறையில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இதற்குக் கச்சிதம். அது வாங்குவதற்கு முன் நான் டச் அண்ட் கோ அட்டையை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி அட்டையின் தடிமன் 0.76 மி.மீ. என்று பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதம் டோல் அட்டையால் அளந்த கிட்டார் எப்படி வாசித்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முறுக்கும்போது கால் சுற்று, அதற்கு மேல் இல்லை. பிறகு மரம் அடங்கும்வரை காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். அலன் கீ சரியான அளவா, அங்குலக் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று பார்க்காமல் கிடைத்ததை நுழைத்தால் உள்ளே இருக்கும் அறுகோணம் வழுக்கி வட்டமாகிவிடும். அது நடந்தால் 80 வெள்ளி நட்டெல்லாம் சில்லறைச் செலவு.

இவ்வளவும் செய்து, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை 1.6 மி.மீட்டருக்கு இறக்கி, சிவப்புக் கிட்டார் முதன்முறையாகக் கிட்டார் போல ஒலித்தது. ஒரு வாரம். அப்புறம் நவம்பர் மழை பிடித்தது.

18 வெள்ளிக்கு ஓர் ஈரமானி வாங்கி ஹாலில் மாட்டினேன். கிட்டார் செய்பவர்கள் விரும்புவது 45 முதல் 55 விழுக்காடு ஈரம். என் ஹாலில் பகலில் 75, மழை நின்ற பிறகு 85, அதிகாலையில் இன்னும் மேலே. படுக்கையறையில் ஏர்கோன் ஓடும் இரவுகளில் 60. அதாவது ஒரே வீட்டில் இரண்டு தட்பவெப்பம், நடுவில் ஒரு கதவு. நான் மாலையில் ஹாலில் வாசித்துவிட்டு இரவில் படுக்கையறையில் கொண்டுபோய் வைப்பேன். கிட்டார் தினமும் ஊட்டிக்கும் தூத்துக்குடிக்கும் போய் வந்துகொண்டிருந்தது. உடம்பின் மேல் கனமான பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது தாங்கும். விரல் படும் பலகையில் பூச்சு இல்லை, திறந்த மரம். ஈரம் ஏறினால் என் சிவப்பு முன்னால் வளைந்து கம்பி உயரும். ஏர்கோன் அறையில் நாலு நாள் கிடந்தால் நிமிர்ந்துகொண்டு இரையும். எல்லாக் கழுத்தும் இப்படியே வளையும் என்றில்லை, மரத்துக்கு மரம் மாறும். எது எப்படி என்று தெரிந்துகொள்ள அதனுடன் ஒரு வருடமாவது குடும்பம் நடத்த வேண்டும்.

ஈரத்தை ஒழிக்க நான் பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பேரங்காடியில் ஈரம் உறிஞ்சும் டப்பா விற்கிறார்களே, வெள்ளை உப்பு மாதிரி இருந்து மெல்லத் தண்ணீராகும், அதில் இரண்டை அலமாரிக்குள் கிட்டாரோடு வைத்துப் பூட்டினேன். உப்பு என்றா சொன்னேன், அது கால்சியம் குளோரைடு, கிட்டத்தட்ட உப்பேதான். ஒரு நாள் டப்பா சாய்ந்து அந்தத் தண்ணீர், கிட்டாரின் அடிமுனையில் கம்பி கோக்கும் பிரிட்ஜின் மேல் ஒழுகியிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது கம்பி தாங்கும் ஆறு சேடிலும் பச்சையும் காவியுமாகப் பூத்திருந்தன. உயரம் மாற்றும் குட்டித் திருகுகள் அசையவே இல்லை. தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டு விட்டு ஊறவைத்து நாலைக் காப்பாற்றினேன். தோல் பட்டையில் வெள்ளைப் பூஞ்சணம், கோலமாவு தூவியது போல. "பூட்டி வச்சா எதுவுமே கெட்டுத்தான் போகும். வெளிய மாட்டுங்க" என்றார் மனைவி. இப்போது படுக்கையறையில், வெளிச்சுவரில் இல்லாமல் உள்சுவரில், கொக்கியில் தொங்குகிறது. கதவைத் திறந்தே வைக்கிறோம். ஏர்கோன் கட்டணம் பற்றி இங்கே பேச வேண்டாம்.

கம்பி தனிக் கதை. எனக்கு உள்ளங்கை வியர்க்கும். புதுக் கம்பி மூன்று வாரத்தில் சொரசொரக்கும். என்ன விலை கொடுத்தாலும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் கிள்ளித் துடைப்பதைப் போல ஒரு வைத்தியம் இல்லை. அதற்கு அப்பாவின் பழைய வேட்டியை விடச் சிறந்த துணியை நான் பார்க்கவில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் சொல்வார், கிட்டார் பலகைக்கும் சொன்னார். ஒரு முறை தடவினேன். தூசு ஒட்டி, சிக்கு வாடை அடித்தது. தெய்வச் செயலாகச் சீக்கிரம் துடைத்துவிட்டேன்.

மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார். அவர் தோட்டத்தில் வளர்ந்தவர். 60களில் நாடெங்கும் பாப் யே யே என்ற மலாய்க் கிட்டார்ப் பாட்டு அலை. அந்த இசைக்குழுக்களை மலாயில் கூகிரான் என்பார்கள், கும்புலான் கிட்டார் ரஞ்சாக் என்பதன் சுருக்கம். தோட்டத்து லயத்திலும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஒரு கூகிரான் இருந்ததாம், நாலு பேருக்கு இரண்டு கிட்டார். கம்பி வாங்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டும். அதனால் பழைய கம்பியைக் கழற்றிப் பானையில் கொதிக்க வைப்பார்களாம். அழுக்கும் எண்ணெயும் கழன்று ஓரிரு நாளுக்குப் பளிச்சென்று ஒலிக்கும். "ஒங்க அத்த அந்தப் பானையிலதான் ரசம் வச்சா" என்பார். பினாங்கிலிருந்து வந்த அல்லிகேட்ஸ் இசைக்குழு பற்றிப் பேசத் தொடங்கினால் மாமா நிறுத்த மாட்டார். ஆறுமுகம் பிள்ளைகள் லோகநாதனும் டேவிட்டும் மலாயில் பாடி நாட்டையே கட்டிப்போட்டதை, தானே மேடையில் நின்றது போலச் சொல்வார்.

பலகை மரம் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. என் சிவப்புக் கிட்டாரின் விரல் பலகை ரோஸ்வுட். கிட்டார் உலகில் அதிகம் புழங்குவது இந்திய ரோஸ்வுட். அது வேறொன்றுமில்லை, நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வார்கள். 2017 தொடக்கத்தில் இந்த இனம் முழுவதும் அனைத்துலக வாணிபக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. எல்லை தாண்டும் கிட்டாருக்குக் காகிதம் கேட்டார்கள். கிட்டார் கம்பெனிகள் பதறி வேறு மரம் தேடின. 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அதற்குள் மலிவுக் கிட்டார் பலவற்றில் இந்தியன் லாரல் என்ற மரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. பெயரைக் கேட்டு ஏதோ சீமைச் சரக்கு என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் கருமருது. எங்கள் தாத்தா கப்பலேறி வந்த நாட்டின் காட்டு மரம், கலிஃபோர்னியக்காரர் வரைந்த வடிவத்தில், இந்தோனேசியத் தொழிற்சாலையில் இழைபட்டு, செந்தூலில் என் கட்டை விரலுக்கு அடியில் கிடக்கிறது. பழைய ஈட்டியா புதிய கருமருதா எது உசத்தி என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டாவது கிட்டார் என் அவமானம். கறுப்பு லெஸ் பால் (கிப்சனின் பெயர்போன வடிவம்), தலையில் கிப்சன் என்ற எழுத்து, விலை 1,400 வெள்ளி. அசல் என்றால் அதைப்போல் பல மடங்கு. இரவு பத்து மணி, பெட்ரோல் நிலையம், விற்றவர் அவசரமாகப் பணம் தேவை என்றார். இப்படி மூன்று எச்சரிக்கை மணியும் ஒன்றாக அடித்தும் எனக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். தலைப்பகுதியில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டில் மூன்று திருகு. கிப்சன் இரண்டுதான் போடும். இந்த மாதிரிப் போலிக்கு சிப்சன் என்று ஒரு செல்லப் பெயரே இருக்கிறது என்பதையும் அன்றிரவுதான் அறிந்தேன். அதை இன்னொரு ஏமாளி தலையில் கட்ட மனம் வரவில்லை. போலி என்று சொல்லி விற்றால் 300 கிடைக்கும். சரி, கிடக்கட்டும் என்று அதைப் பள்ளிக்கூடமாக்கிக்கொண்டேன். ஃப்ரெட்டைச் சமப்படுத்தப் பழகியது அதில்தான். சால்டரிங் பழகியதும், இரண்டு இடத்தில் பூச்சைக் கருக்கியதும் அதில்தான்.

சால்டரிங் சாமான் வாங்க ஜாலான் பாசார் போவேன். புடு பக்கம், வரிசையாக எலெக்ட்ரானிக் உதிரிக் கடைகள். அங்கே ஒரு சீனப் பெரியவர். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் உள்பாகமான வால்யூம் பாட் 250 கே (கிலோ ஓம்) இருக்கிறதா என்று கேட்டால், கிட்டாருக்கா என்று திருப்பிக் கேட்பார். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250, இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். 500ஐ ஸ்ட்ராட்டில் போட்டால் காதைக் கிழிக்கும் கூர்மை வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஒற்றைச் சுருளில் இன்னொரு கூத்து. அது வீட்டுக் கரண்டின் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் கரண்டு நொடிக்கு 50 அலை. மேற்கத்தியச் சுரத்தில் தாழ்ந்த ஜி 49. அதாவது நம் மின்வாரியமான டி.என்.பி கொஞ்சம் சுருதி ஏறிய ஜியில் உறுமிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 60, எந்தச் சுரத்திலும் ஒட்டாது; அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1955இல் கிப்சனில் சேத் லவர் என்ற பொறியாளர் இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து, உறுமலை உறுமலாலேயே அடித்தார். ஸ்ட்ராட்காரனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கிட்டாரோடு திரும்பித் திரும்பி உட்கார்ந்து உறுமல் குறையும் திசையைத் தேட வேண்டும். என் ஹாலில் அது தென்மேற்கு. மின்விசிறி ரெகுலேட்டருக்கு முதுகு, சாமி மேடைக்கு முகம். வாஸ்து பார்க்கும் சித்தப்பா ரொம்ப சந்தோஷப்பட்டார்.

போன மாதம் மூன்றாவது கிட்டாரை விற்றேன். யமஹா பசிஃபிக்கா. குறை ஒன்றுமில்லை, சுவரில் கொக்கி இரண்டுதான். செந்தூல் எல்.ஆர்.டி, அதே படிக்கட்டு. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி கிள்ளானிலிருந்து வந்திருந்தான். ஹெட்ஃபோனில் கேட்கும் குட்டி ஆம்பைக் கொண்டுபோயிருந்தேன். அதில் செருகி ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கரகரக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். தலைப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் கழுத்தின் நேரைப் பார்க்கச் சொன்னேன். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி தேய்த்த பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவச் சொன்னேன். பையை முகர்ந்து பார், பூஞ்சை வாடை வந்தால் விலையைக் குறை என்றேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். விற்பவன் இப்படியெல்லாம் பேசக் கூடாது போல.

"மழ மாசத்துல கழுத்து நகரும். கால் சுத்து மட்டும். அலன் கீ பைக்குள்ள ஒட்டி வச்சிருக்கேன்."

"சரிண்ணே, சரிண்ணே" என்றான், பணத்தை எண்ணிக்கொண்டே. கண் முழுக்கக் கிட்டாரின் நீல நிறத்தில்தான் இருந்தது.

நேற்று இரவு பதினொன்றேகாலுக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப். வெளியே நல்ல மழை. மூன்றாம் மாடித் தம்பி எதையோ சூடு காட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மூணாவது கம்பி ஈ மாதிரி இரையுது. கடையில கொடுக்கவா?"

எந்த ஃப்ரெட்டில் என்று கேட்டு அனுப்பினேன்.